இரைப்பையில் காத்திருக்கும் மாத்திரை

நாசி லெமாக்கை ஒரு பிடி பிடித்துவிட்டு, தலைவலி என்று இரண்டு பனடோல் விழுங்குகிறோம். அரை மணி நேரமாகியும் வலி விடவில்லை. “இந்த மருந்து எனக்குக் கேட்காது” என்று மேலும் இரண்டை விழுங்குபவர்களை எங்கள் விடுதியிலேயே பார்த்திருக்கிறேன். மருந்தியல் பயிலும் எனக்கு இது பகீரென்றிருக்கும்.

வாய்வழி உட்கொள்ளும் மருந்துகளில் பெரும்பாலானவை இரைப்பையில் இரத்தத்தோடு கலப்பதில்லை. அந்த வேலை சிறுகுடலுடையது. மடிப்புகளும் விரல் போன்ற நுண்ணிய நீட்சிகளும் நிறைந்த அதன் உட்சுவர் மிகப் பரந்தது. ஆகவே, இரைப்பை தன் வாசலைத் திறந்து அனுப்பும்வரை மாத்திரை காத்திருக்கத்தான் வேண்டும்.

வெறும் வயிற்றில் குடித்த நீர் சில நிமிடங்களிலேயே வெளியேறத் தொடங்கிவிடும். திட உணவு அப்படியன்று. அதை ஓரிரு மில்லிமீட்டர் துகள்களாக அரைத்த பிறகே இரைப்பை அனுப்பும். முழுதும் காலியாக நான்கு மணி நேரம்கூட ஆகலாம். கொழுப்பு வந்திறங்கினால் சிறுகுடலே ஹார்மோன்கள் மூலம் “மெதுவாக அனுப்பு” என்று தடுக்கும். தேங்காய்ப்பால் சோற்றின் மகிமை இது!

1973-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாக்கியது. இரைப்பையை மந்தப்படுத்தும் மருந்தைக் கொடுத்தபோது பாரசிட்டமால் இரத்தத்தில் மெதுவாக ஏறியது. விரைவுபடுத்தும் மெட்டோகுளோபிரமைடைக் கொடுத்தபோது வேகமாக ஏறியது. ஆனால், உடலில் சேர்ந்த மொத்த அளவு மாறவில்லை.

நான் வற்புறுத்த விரும்புவது இதைத்தான். தாமதம் வேறு, இழப்பு வேறு. முதல் இரண்டு மாத்திரைகளும் எப்படியும் உள்ளே போகும். பின்னால் விழுங்கியவை அவற்றோடு சேரும். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. ஒவ்வொரு முறைக்கும் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மீறினால் பாதிக்கப்படுவது கல்லீரல்.

ஒற்றைத் தலைவலியின்போது இரைப்பையே மந்தமாகிவிடுவதுண்டு. அதனால்தான் வலி முற்றுவதற்கு முன்பே மாத்திரை போடச் சொல்கிறார்கள்.

நம் வீடுகளில் மலிந்துள்ள நீரிழிவும் நாளடைவில் இரைப்பையின் நரம்புகளைப் பாதிக்கலாம். அப்போது மாத்திரை தாமதமாகும். இன்சுலின் ஊசி போடுபவருக்கோ சிக்கல் தலைகீழ்: ஊசி மருந்து நேரத்தோடு வேலையைத் தொடங்கிவிடும், சோறு இரைப்பையிலேயே கிடக்கும், சர்க்கரை அபாயமாக இறங்கும். நான்கு வாய் உண்டதுமே வயிறு நிறைந்துவிட்டது என்றோ, அடிக்கடி குமட்டுகிறது என்றோ பாட்டி சொன்னால், வயதின் கோளாறு என்று விட்டுவிடாமல் அடுத்த முறை மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.