நிறுத்தினாலும் ஒன்றும் ஆகவில்லையே?

வேளிமலைக் குமாரசுவாமி நவராத்திரிக்கு வந்து தங்குவது திருவனந்தபுரம் ஆரியசாலை தேவி கோயிலில்தான். அந்த ஒன்பது நாளும் இங்கே ஒருவர் விரதம் பிடிக்கிறார் என்று வையுங்கள். காலை ஆகாரம் கிடையாது. 'ஆகாரத்துக்குப் பிறகு' என்று சொல்லிக் கொடுத்த பிரஷர் குளிகையும் அதோடு நின்றுபோகிறது. மூன்றாம் நாள் தலை சுற்றவில்லை, மயக்கமும் வரவில்லை. குளிகை இல்லாமலே உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று மனசு சொல்கிறது.

அந்த மூன்று நாளும் வேலை பார்த்தது பழைய குளிகை. கேரள அரசு ஆஸ்பத்திரிகளில் பலருக்கும் முதலில் தருவது அம்லோடிபின். இது இரத்தக் குழாய்ச் சுவரின் தசையை இளக்கிவிடும் மருந்து. இரத்தத்தில் அதன் அளவு பாதியாகவே 30 முதல் 50 மணி நேரம் பிடிக்கும். ஆகவே நிறுத்தியதும் அழுத்தம் குதிக்காது, நாலைந்து நாளில் மெல்ல ஏறும். ஏறுவது தெரியவும் தெரியாது. மேல் அளவு 170 இருந்தாலும் பலருக்கு ஒரு தலைவலிகூட வராது. (இந்த மருந்தை வெறும் வயிற்றிலும் போடலாம் என்பது வேறு விஷயம்.)

எல்லா மருந்தும் இப்படிப் பொறுமை காட்டாது. குளோனிடினைச் சட்டென்று விட்டால் ஓரிரு நாளிலேயே அழுத்தம் முன்பைவிட மேலே போய்விடலாம். அட்டெனலால் வகையைத் திடீரென நிறுத்தினால் இதய நோயாளிக்கு நெஞ்சுவலி வரும் அபாயம் உண்டு.

திருவனந்தபுரத்தின் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்து அச்சுத மேனன் மையம் 2016-17இல் கேரளத்தில் 12,012 பேரைப் பரிசோதித்தது. 30.4 சதவீதம் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 12.4 சதவீதம்தான். நோய் இருப்பதே தெரியாதவர், தெரிந்தும் தொடங்காதவர், தொடங்கிப் பிறகு நிறுத்தியவர் எல்லோரும் மீதிக் கணக்கில் அடக்கம். 2017இல் கேரளம் உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில் தொடங்கிய இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டம் எல்லோருக்கும் ஒரே மருந்து வரிசை, ஒரு தடவைக்குக் குறைந்தது 30 நாள் குளிகை என்று வகுத்தது. வாராவாரம் கொடுத்தால், மாதத்தில் நாலு தடவை கடையை அடைத்துவிட்டு மருந்துக்கு வரிசையில் நிற்க எந்தச் சாலைக் கடைத்தெரு வியாபாரிக்கு முடியும்?

பக்க விளைவு வந்ததும் வெளியே சொல்லாமல் நிறுத்துகிறவர்களும் உண்டு. அம்லோடிபினால் கணுக்கால் வீங்கலாம், எனலாப்ரில் வறட்டு இருமல் தரலாம். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மருந்து எழுதித் தருவார். ஒரு வேளை மறந்துவிட்டால் அன்றைக்குள் நினைவு வந்ததும் போடலாம். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் அன்றைய ஒன்று மட்டும் போதும், இரண்டாகச் சேர்த்து விழுங்கக் கூடாது.