மரத்தில் முளைத்த மான்கொம்பு

சிங்கப்பூர்ச் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களை அண்ணாந்து பார்த்தால், பச்சை நாடாக்களாகக் கிளைத்துத் தொங்கும் பெரணி ஒன்று சில கிளைகளில் கண்ணில் படும். அதுதான் மான்கொம்புப் பெரணி. பிளாட்டிசீரியம் என்ற இந்தப் பேரினத்தில் ஏறக்குறைய 18 இனங்கள் உண்டு. மரத்தில் ஒட்டி வளர்ந்தாலும் இது ஒட்டுண்ணி அல்ல. மரத்தின் சாற்றை ஒரு சொட்டுக்கூட உறிஞ்சுவதில்லை.

பிறகு எதை உண்டு வாழ்கிறது? இதற்கு இலைகள் இரண்டு வகை. அடியிலை மரப்பட்டையோடு அப்பிக்கொண்டு வளரும். காய்ந்து பழுப்பானாலும் உதிராது. பல இனங்களில் அதன் மேல்விளிம்பு விரிந்து நிற்பதால் சருகும் மழைநீரும் உள்ளே சேர்ந்து மட்கும். வேர்கள் ஓடுவது அந்த மட்கில்தான். தனக்கான மண்ணை அந்தரத்தில் தானே சேர்த்துக்கொள்ளும் செடி இது! கொம்பு போன்ற மற்ற இலைகளின் அடிப்புறத்தில், வெல்வெட் துணியைப் போன்ற திட்டுகளில் இனப்பெருக்கத் துகள்களான ஸ்போர்கள் உண்டாகின்றன.

இனம் பிரிக்க அந்தத் திட்டும் உதவும். ஆஸ்திரேலியாவின் சூப்பர்பம், பிலிப்பைன்ஸின் கிராண்டே இரண்டையும் நெடுங்காலம் ஒரே இனமாகவே எண்ணியிருந்தார்கள். முன்னதன் இலையில் ஒரு திட்டு, பின்னதில் இரண்டு. 1970-இல்தான் சூப்பர்பம் தனி இனமானது.

தோற்றத்தை மட்டும் நம்பினால் உறவு பிடிபடாது. ஆப்பிரிக்காவின் எலிஃபண்டோட்டிஸ் இனத்துக்குக் கொம்பே இல்லை. யானைக்காதாக அகன்ற இலை. ஆனாலும் அது இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். 2006-இல் கிரையர், ஷ்னைடர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் மரபணுக்களை ஒப்பிட்டபோது மூன்று கிளைகள் தெரிந்தன: ஆப்பிரிக்க–அமெரிக்கக் கிளை, தென்கிழக்காசியக் கிளை, ஜாவா–ஆஸ்திரேலியக் கிளை. அமெரிக்கக் கண்டத்துக்கு இருப்பது ஒரே இனம். பெரு, பொலிவியா காடுகளில் வாழும் ஆண்டினம். அதன் நெருங்கிய சொந்தங்கள் இருப்பதோ அட்லாண்டிக்குக்கு அப்பால், ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும்! இந்தியாவில் இயல்பாக வளர்வது வாலிச்சி மட்டுமே, அதுவும் மணிப்பூரில்.

இவற்றில் என்னை மிகவும் வியக்க வைப்பது பைஃபர்கேட்டம். ஆஸ்திரேலியாவின் லார்டு ஹோவ் தீவில் அது கூட்டமாக மரத்தைச் சூழ்ந்து வளர்கிறது. கூட்டத்தில் சில செடிகள் ஸ்போரே உண்டாக்குவதில்லை. நீரைத் தேக்கிக் கூட்டத்துக்கு உதவுவதுதான் அவற்றின் வேலை. தேனீக்களிடம் காணும் வேலைப்பிரிவினை தாவரத்திலும் உண்டா என்று 2021-இல் உயிரியலாளர் கெவின் பர்ன்ஸ் எழுப்பிய கேள்வி இந்தப் பெரணியைப் பார்த்து எழுந்ததே.