உஷார்! குளத்தைப் பற்றி எழுத டாலர் தருகிறார்களா?

கோவையின் சிங்காநல்லூர் குளத்தைப் பற்றி எழுதும் இளைஞர்களுக்கு அவசரமாக ஒன்று சொல்ல வேண்டும். “பல்லுயிர் பற்றிச் செய்தி எழுதுங்கள், நிதி தருகிறோம்” என்று வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்திருந்தால், கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். நல்லெண்ணத்தோடு வாங்கும் பணமே உங்களை வழக்கில் கொண்டுபோய் நிறுத்தலாம்.

நிதி தருகிறவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் இன்டர்நியூஸ் அமைப்பு 2004-ல் தொடங்கிய எர்த் ஜர்னலிசம் நெட்வொர்க், ஆர்கேடியா என்ற நிதியத்தின் ஆதரவோடு, வளரும் நாடுகளின் நிருபர்களுக்குப் பல்லுயிர்ச் செய்திகளுக்கென்றே பணம் கொடுத்திருக்கிறது. எழுத வேண்டிய விஷயமோ நம் காலடியிலேயே கிடக்கிறது. 2017-ல் மாநகராட்சி நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்த குளம் இது. 700-க்கும் மேற்பட்ட தாவர, விலங்கினங்கள் இங்கே கணக்கெடுக்கப்பட்டிருக்கின்றன. கூழைக்கடாவும் நீர்க்காகமும் இறங்கும் அதே தண்ணீரில்தான் சாக்கடை கலக்கிறது, ஆகாயத்தாமரை படர்கிறது. இதை மாதக்கணக்கில் பின்தொடர உள்ளூர்ப் பத்திரிகைகளிடம் காசு இல்லை. ஆயிரம் டாலர் என்றாலே எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல். ஆசை வராமல் என்ன செய்யும்?

ஆனால், நம் நாட்டுச் சட்டம் குறுக்கே நிற்கிறது. எஃப்.சி.ஆர்.ஏ. என்று சொல்லப்படும் 2010-ம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 3-வது பிரிவை எடுத்துப் பாருங்கள். பதிவு பெற்ற பத்திரிகையின் நிருபர், கட்டுரையாளர், கார்ட்டூனிஸ்ட், ஆசிரியர், உரிமையாளர், அச்சிடுபவர், வெளியிடுபவர் என ஒருவரும் வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாது. தேர்தல் வேட்பாளர்கள், நீதிபதிகள், அரசு ஊழியர்கள் இருக்கும் அதே பட்டியலில்தான் பத்திரிகைக்காரர்களும் இருக்கிறார்கள். மின்னணு வழியில் செய்தி தயாரிக்கும், ஒளிபரப்பும் சங்கங்களுக்கும் நிறுவனங்களுக்கும் அவற்றின் நிருபர்களுக்கும் இதே தடைதான். நாலு பேர் சேர்ந்து நிறுவனமாக நடத்தும் யூடியூப் செய்திச் சேனலும் தப்பாது. மீறினால் 5 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டுமே.

“என் பேர்ல வேண்டாங்க, தெரிஞ்சவரோட டிரஸ்ட் கணக்குல போடச் சொல்லிக்கறேன்” என்று சிலர் யோசிக்கலாம். எனக்கு அதிகம் பயம் தருவது இந்த யோசனைதான். தடை செய்யப்பட்டவருக்காக இன்னொருவர் வாங்கித் தருவதையும் அதே 3-வது பிரிவு தடுக்கிறது. 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, முறையாகப் பதிவு செய்த அமைப்புகூடத் தனக்கு வந்த வெளிநாட்டு நன்கொடையை வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்கக் கூடாது. உங்களுக்கு உதவப்போய், வருடக்கணக்கில் குளத்துக்காக உழைத்த ஓர் அமைப்பு தன் பதிவையே இழக்க நேரலாம். அந்த இழப்பு உங்களோடு முடியாது, குளத்தையும் பாதிக்கும்.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. தொழில்முறையில் செய்த வேலைக்குக் கூலியாகவோ கட்டணமாகவோ வரும் பணத்தை இந்தச் சட்டம் நன்கொடையாகக் கருதுவதில்லை. வெளிநாட்டு இதழ் ஒன்று உங்கள் கட்டுரையை வாங்கிக்கொண்டு, நீங்கள் அனுப்பும் பில்லுக்குப் பணம் தருவது வேறு. “மானியம்” என்று ஒரு தொகையை உங்கள் கணக்கில் போடுவது வேறு. ஒப்பந்தத்தின் தலைப்பை மட்டும் மாற்றிக்கொண்டு தப்பித்துவிட்டதாக நினைக்காதீர்கள். எந்த வேலைக்கு எவ்வளவு என்பது ஒப்பந்தத்தின் உள்ளேயும் தெளிவாக இருக்க வேண்டும். எஃப்.சி.ஆர்.ஏ. தெரிந்த ஆடிட்டரிடமோ வக்கீலிடமோ அதைக் காட்டாமல் வங்கிக் கணக்கு எண்ணை அனுப்பவே அனுப்பாதீர்கள். வருமான வரிக் கணக்கிலும் இந்தத் தொகையைக் காட்டியாக வேண்டும்.

இன்னொரு பக்கம், கிடைத்துவந்த நிதியே சுருங்குகிறது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவிகளை நிறுத்தியபோது, அந்தப் பணத்தைப் பெரிதும் நம்பியிருந்த இன்டர்நியூஸ் பலமாக அடிபட்டது. வாய்ப்புகள் குறையும் நேரத்தில் எந்த அழைப்பு வந்தாலும் பாய்ந்து பிடிக்கத் தோன்றும். விண்ணப்பக் கட்டணம், வங்கி மாற்றுக் கட்டணம் என்று யாராவது முன்பணம் கேட்டால் அது மோசடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

கோவை வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். இந்தியர் ஒருவர் தன் சொந்தப் பணத்தில் தரும் சந்தாவையும் நன்கொடையையும் எஃப்.சி.ஆர்.ஏ. தொடுவதில்லை. நொய்யல் ஆற்றுக்கும் குளங்களுக்கும் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால், அதைத் தேடி எழுதும் உள்ளூர் இதழுக்கு இந்த மாதமே சந்தா கட்டுங்கள்.