தமிழ்நாட்டு அணியின் ஒரே ஒரு பெயர்

அமெரிக்கப் பேஸ்பால் ரசிகர்கள் ஒவ்வொரு அணிக்கும் ஆகச் சிறந்த ஒரே ஒரு வீரரைச் சொல்லச் சொல்லி வாதாடுவார்கள். ரஞ்சி கிரிக்கெட்டிலும் அந்தக் கேள்வியைக் கேட்கலாம். நம் புதுச்சேரி அணி 2018-19இல்தான் ரஞ்சிக்குள் நுழைந்தது. அந்த அணிக்கு இந்தக் கேள்வியைக் கேட்க இன்னும் காலம் இருக்கிறது. பக்கத்துத் தமிழ்நாட்டு அணிக்கு?

அஷ்வின் என்பீர்கள். டெஸ்டில் 537 விக்கெட், 6 சதம். பெரியவர்கள் வெங்கட்ராகவனைச் சொல்வார்கள். இரண்டுமே நியாயம்தான். ஆனால் மாநில அணிக்கு ஆடியதை மட்டும் கணக்கில் எடுத்தால், என் ஓட்டு ஏ.ஜி.ராம்சிங்குக்கே.

1934 நவம்பர் 4, சேப்பாக்கம். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம், அன்று சென்னை என்றிருந்த தமிழ்நாட்டு அணிக்கும் மைசூருக்கும். முதல் பந்தை வீசியவர் எம்.ஜே.கோபாலன். மைசூர் 48 ரன்னில் சுருண்டது. சென்னை 130. மறுபடி மைசூர் 59. ஒரே நாளில் ஆட்டம் முடிந்துவிட்டது! இடது கைச் சுழலால் ராம்சிங் முதல் இன்னிங்ஸில் 6, அடுத்ததில் 5 என 11 விக்கெட் எடுத்தார். கொடுத்தது வெறும் 35 ரன். மட்டையிலும் அவர் சளைத்தவரில்லை. ரஞ்சியில் 1000 ரன்னும் 100 விக்கெட்டும் முதலில் எட்டியவர் அவர்தான்.

இத்தனை இருந்தும் அதிகாரபூர்வ டெஸ்ட் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. அது பெரிய அநியாயம். மகன்கள் கிருபால் சிங், மில்கா சிங் இருவரும் இந்தியாவுக்கு ஆடினார்கள். 1955இல் ஹைதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிரான தன் முதல் டெஸ்டிலேயே கிருபால் சதம் அடித்தார்.