மறக்கத் தெரிந்த பெட்டி

செங்கோட்டைப் பக்கம் தச்சுப் பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். 5 எச்.பி. மோட்டாரோடு பலகை சீவும் பழைய திக்னஸ் பிளேனர் ஒன்று விலைக்கு வந்ததாம், வாங்கிப் போட்டுவிட்டாராம். பட்டறைக்கு த்ரீ பேஸ் சர்வீஸ் ஏற்கெனவே இருக்கிறது. டிரில்லும் டியூப்லைட்டும் ஓடுகிற லைனிலேயே இதையும் சேர்த்துவிடலாமா, தனியாக இழுக்க வேண்டுமா என்று கேட்கிறார். கூடவே இன்னொன்று: மெஷினோடு ஸ்டார்ட்டர் வரவில்லை, ஒரு மெயின் ஸ்விட்சை வைத்து ஓட்டினால் ஆகாதா? முதல் கேள்விக்குச் சீக்கிரம் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதுதான் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டது.

தனி லைன்தான் வேண்டும். 5 எச்.பி. மோட்டார் 415 வோல்ட்டில் முழுச் சுமையோடு ஓடினால் பேஸுக்கு ஏறத்தாழ 7.5 ஆம்பியர் இழுக்கும். கேட்கச் சாதுவாக இருக்கிறது. ஆனால் நின்ற இடத்திலிருந்து கிளம்பும் அந்தச் சில நொடிகளில் அதுவே ஆறு மடங்கு, 45 ஆம்பியர் வரை போகும். ஓடும் மோட்டார் தனக்குள் ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி வரும் மின்சாரத்தை அடக்கிக்கொள்கிறது. நிற்கும் மோட்டாருக்கு அந்தக் கடிவாளம் கிடையாது. போர்டிலிருந்து பிரேக்கர், பிரேக்கரிலிருந்து ஒயர், ஒயரிலிருந்து ஸ்டார்ட்டர் என்று எல்லாவற்றையும் இந்த இரண்டு எண்களையும் வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்த மோட்டாருக்கு 2.5 சதுர மி.மீ. செப்பு ஒயர் போதும். தூரம் அதிகமென்றால் 4 போடுங்கள். பிரேக்கரில் 'சி' வகை கேட்டு வாங்குங்கள். 'பி' வகை மூன்றிலிருந்து ஐந்து மடங்குக்குள்ளேயே பட்டென்று விழுந்துவிடும், 'சி' ஐந்திலிருந்து பத்து மடங்கு வரை பொறுக்கும். கிளப்பும்போதெல்லாம் பிரேக்கர் விழுகிறதே என்று 16 ஆம்பியரைக் கழற்றி 32 போடும் வைத்தியம் நம்மிடம் உண்டு. பிரேக்கர் காப்பது மோட்டாரை என்று நினைப்பதால் வரும் வினை இது. அது காப்பது சுவருக்குள் போகும் ஒயரை.

மெஷினுக்கு மேலே தொங்கும் விளக்கை இந்த லைனில் சேர்க்கவே கூடாது. பிரேக்கர் விழுந்தால் மோட்டாருக்கு மின்சாரம் நிற்கும், பிளேடு உருளை நிற்காது. வேகம் அடங்கும்வரை அது சுற்றிக்கொண்டுதான் இருக்கும், அதுவும் இருட்டில். இன்னொரு வேடிக்கையும் சொல்கிறேன். சோக் வைத்த பழைய டியூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கிறது. நிமிடத்துக்கு 6000 சுற்றுச் சுற்றும் உருளையும் நொடிக்குச் சரியாக 100 சுற்று. அந்த வெளிச்சத்தில் பார்த்தால் உருளை நிற்பதுபோலவே தெரியும்.

இனி ஸ்டார்ட்டர். பச்சை பொத்தானும் சிவப்பு பொத்தானும் வைத்த அந்த இரும்புப் பெட்டியைப் பம்புசெட் ரூமில் பார்க்காதவர்கள் குறைவு. திறந்து பார்த்தவர்களும் குறைவு. பச்சையை அழுத்துகிறோம், மோட்டார் ஓடுகிறது. விரலை எடுத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. பொத்தான் என்னவோ திரும்பி வெளியே வந்துவிட்டது. பிறகு எதைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது?

உள்ளே ஒரு காயில் இருக்கிறது. பச்சையை அழுத்தியதும் அது காந்தமாகி ஓர் இரும்புத் துண்டை இழுக்கிறது. அந்த இழுப்பில் மோட்டாருக்குப் போகும் மூன்று பேஸும் சேருகின்றன. அதே இழுப்பில் நான்காவதாக ஒரு சின்னத் தொடுப்பும் சேருகிறது. இந்தத் தொடுப்பு பச்சை பொத்தானுக்கு இணையாக இருப்பதால், விரல் போன பிறகு காயிலுக்கு மின்சாரம் இதன் வழியே வருகிறது. காந்தம் தன்னைத் தானே பிடித்து வைத்துக்கொள்கிறது.

என் பாட்டி கதை சொல்லும்போது நாங்கள் 'உம்' கொட்ட வேண்டும். 'உம்' நின்றால் கதையும் அந்த இடத்திலேயே நின்றுவிடும், தூங்கிப்போனவன் எழுந்து "அப்புறம்?" என்று கேட்டால்தான் மறுபடி நகரும். ஸ்டார்ட்டரும் அப்படித்தான், தனக்குத் தானே 'உம்' கொட்டிக்கொள்கிறது. காது வைத்துக் கேட்டால் நிஜமாகவே அந்த ஒலிதான் வரும்.

கரண்ட் போனால் 'உம்' அறுந்துவிடும். காந்தம் விடுகிறது, நான்கு தொடுப்பும் பிரிகின்றன. கரண்ட் திரும்பி வரும்போது பெட்டிக்குத் தான் ஓடிக்கொண்டிருந்தது ஞாபகமே இல்லை. யாராவது வந்து பச்சையை அழுத்தும்வரை சும்மா இருக்கும். மெயின் ஸ்விட்சுக்கு இந்த மறதி கிடையாது. 'ஆன்' என்று தள்ளியது தள்ளியபடி இருக்கும். பலகை பாதி உள்ளே போயிருக்கும்போது கரண்ட் போகிறது, ஆசாரி பலகையை உருவப் பார்க்கிறார், அடைத்துக்கொண்ட சீவலைக் கையால் எடுக்கிறார், கரண்ட் வருகிறது. வாசகருடைய இரண்டாவது கேள்விக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

சிவப்பு பொத்தானிலும் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. பச்சை அழுத்தினால் சேரும். சிவப்போ எப்போதும் சேர்ந்தே இருக்கும், அழுத்தினால்தான் பிரியும். சிவப்புக்குப் போகும் ஒயரை எலி கடித்துவிட்டால் என்ன ஆகும்? மெஷின் நின்றுவிடும். நிறுத்த வழியில்லாமல் ஓடாது. பழுதே காவலாகும்படி யோசித்து வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு யோசித்துச் செய்த பெட்டியின் பச்சை பொத்தானில் நாம் தீக்குச்சியைச் சொருகுகிறோம். பம்புசெட்டில் ஆரம்பித்த பழக்கம். நடுராத்திரி கரண்ட் வரும்போது எழுந்து வயலுக்குப் போக முடியாத விவசாயியின் சிரமம் எனக்குப் புரிகிறது, அதற்கென்றே ஆட்டோ ஸ்டார்ட்டர் விற்கிறார்கள். கிணற்றுக்குள் யாரும் கை வைத்துக்கொண்டு நிற்பதில்லை. மரப் பட்டறையில் அந்தக் குச்சிக்கு என்ன வேலை? குச்சி இருக்கும்வரை சிவப்பை அழுத்தினால் மெஷின் நிற்கும், விரலை எடுத்தால் மறுபடி கிளம்பும். மோட்டார் சூடேறுவதைக் கண்டு விழுகிற ஓவர்லோட் ரிலேயின் திருகை மேலே ஏற்றி வைப்பதும் இதே ஜாதிப் பழக்கம். 7.5 ஆம்பியர் மோட்டாருக்கு அந்தத் திருகு 7.5-இல்தான் நிற்க வேண்டும். அடிக்கடி விழுந்தால் குற்றம் மழுங்கிய பிளேடிலோ ஒரேயடியாகச் சீவப் பார்க்கும் ஆசையிலோ இருக்கும். மெஷினுக்கும் தேக்குக்கும் கணக்குப் பார்க்காதவர்கள் ஸ்டார்ட்டரிலும் ரிலேயிலும் மட்டும் மிச்சம் பிடிப்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பட்டறைத் தெருக்களில் விரல் குறைந்த கைகளோடு கும்பிடும் பெரியவர்களைப் பார்க்கும்போது அந்த மிச்சக் கணக்குதான் ஞாபகம் வருகிறது.

ஸ்டார்ட்டரிடம் ஒரு குறையும் உண்டு, சொல்லாமல் விடக்கூடாது. 415 வோல்ட் காயில் இரண்டு பேஸுக்கு நடுவில் இணைக்கப்பட்டிருக்கும். அந்த இரண்டில் ஒன்று போனால் காந்தம் விட்டுவிடும். மூன்றாவது பேஸ் போனால் காயிலுக்கு அது தெரியவே தெரியாது. மோட்டார் இரண்டு பேஸில் முனகிக்கொண்டு ஓடும், சுமை குறையாமல் இருந்தால் அவற்றில் மின்சாரம் சுமார் 1.73 மடங்காகும், சூடோ மூன்று மடங்காகும். ஓவர்லோட் ரிலே சரியாக வைக்கப்பட்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் விழும். திருகை ஏற்றி வைத்தவருக்கு ரீவைண்டிங் கடைதான் கதி. சிங்கிள் பேஸ் பிரிவென்டர் என்று தனியாக ஒரு சாதனம் கிடைக்கிறது, அதையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

மெஷினுக்குக் கைக்கெட்டும் தூரத்தில், மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் தனி ஐசொலேட்டர் ஒன்றும் வேண்டும். வோல்டேஜ் குறைந்து காந்தம் படபடவென்று அடித்துக்கொண்டால் தொடுப்புகள் உருகி ஒட்டிவிடுவதுண்டு. அப்போது சிவப்பை எத்தனை முறை அழுத்தினாலும் மெஷின் நிற்காது. பிளேடு மாற்றும்போதும் ஐசொலேட்டரை இறக்கிப் பூட்டிவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். எர்த் ஒன்று போதாது. மோட்டாரின் உடலுக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் இணைப்பு வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே சொல்லின. கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் பட்டறை வேலைதான்.

லைசென்ஸ் உள்ள வயர்மேன் எல்லாவற்றையும் முடித்த பிறகு, முதலில் பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு மோட்டாரை மட்டும் ஒரு நொடி ஓடவிட்டுச் சுற்றும் திசையைப் பாருங்கள். தலைகீழாகச் சுற்றினால் பயப்பட வேண்டாம். லைனை அணைத்துவிட்டு, மூன்று பேஸில் இரண்டை இடம் மாற்றிக் கட்டச் சொல்லுங்கள். எந்த இரண்டு என்றாலும் சரி.