போஸ்டன் நகரில் மாலைப் போஜனம்

அயலூரில் கால் வைத்தவனுக்கு முதற் கவலை தங்குமிடம். இரண்டாவது கவலை சாப்பாடு. தங்குமிடத்தை நண்பர் ஒருவர் முன்கூட்டியே அமர்த்திவிடலாம். சாப்பாட்டுக்கோ தினந்தோறும் தானே வழி தேடியாக வேண்டும். கல்வியையும் உத்தியோகத்தையும் நாடி நம் வாலிபர் பலர் சென்று தங்கும் அமெரிக்க நகரமாகிய போஸ்டனில், இந்தத் தேடல் ஒரு விசித்திரமான சட்டத்தோடு பிணைந்து கிடக்கிறது. ஆதலின் மாலையில் எங்கே அமர்வது, எங்கே உண்பது என்னும் இச்சிறு விஷயத்தை இன்று சற்று விரிவாகவே ஆராய விரும்புகிறோம்.

அமெரிக்க நகரங்களில் 'ஹாப்பி அவர்' என்றொரு வழக்கம் உண்டு. வேலை முடிந்து ஜனங்கள் வீடு திரும்பும் சாயங்கால வேளையில், இரவுப் போஜனத்துக்குக் கூட்டம் சேருமுன், இரண்டொரு மணி நேரம் மதுவகைகளை விலை குறைத்து விற்பதே அது. இப்பெயர் மதுக்கடையில் பிறந்ததன்று. முதல் உலக யுத்த காலத்தையொட்டி, அமெரிக்கக் கடற்படையினர் கப்பலில் குத்துச்சண்டைக்கும் சங்கீதத்துக்கும் ஒதுக்கிய பொழுதுக்கு வழங்கிய பெயரைப் பிற்காலத்தில் மதுக்கடைகள் சுவீகாரம் செய்துகொண்டன. பிற நகரங்களில் இவ்வேளையை விசாரித்துச் சென்று பழகியவர் போஸ்டனுக்கு வந்தால் ஏமாற்றமே அடைவார். அந்நகரம் அமைந்துள்ள மாஸசூஸெட்ஸ் ராஜ்யம் 1984-ஆம் வருஷம் டிசம்பரில் அவ்வழக்கத்தைத் தடுத்துவிட்டது.

தடுத்த காரணம் துயரமானது. 1983-ஆம் வருஷம் செப்டம்பரில், போஸ்டனுக்குத் தெற்கேயுள்ள பிரெயின்ட்ரீயில், ஓர் உணவு விடுதியின் விளையாட்டுப் போட்டியில் பீர் மது பரிசாக வழங்கப்பட்டது. அதைக் குடித்துக் களித்த கூட்டத்திலே இருபது வயதுப் பெண்ணொருத்தி, விடுதியின் வெளிமுற்றத்தில் தோழர் ஓட்டிய மோட்டார் வண்டியின் முன்புறத்தில் ஏறிச் சென்று, விழுந்து மாண்டாள். அடுத்த ஆண்டிலேயே விதிகள் பிறந்தன. மதுவை இலவசமாகக் கொடுக்கலாகாது. ஒருவருக்கு ஒரே சமயத்தில் இரண்டு பானங்களுக்கு மேல் வைக்கலாகாது. இவ்வளவு பணத்துக்கு எவ்வளவு வேண்டுமாயினும் குடிக்கலாம் என்று அழைக்கலாகாது. மதுவைப் பந்தயப் பொருளாக்கலாகாது. ஒரு பானத்துக்கு வைத்த விலையை அந்த வாரம் முழுதும் மாற்றலாகாது. இவையே அவற்றின் சாரம்.

இவ்விதிகள் மதுவிலக்கு அல்ல என்பதை வாசகர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். அமெரிக்க தேசம் 1920 முதல் 1933 வரை பூரண மதுவிலக்கைச் சோதித்துப் பார்த்துக் கைவிட்டது. சேலம் ஜில்லாவில் 1937-இல் மதுவிலக்கு தொடங்கிய நாள் முதலாக அதன் நன்மை தீமைகளை விவாதித்து வரும் நமக்கு, மாஸசூஸெட்ஸ் கண்ட நடுவழி சிந்தனைக்குரியது. குடிப்பவன் கையை அது பிடிக்கவில்லை. குடிக்கத் தூண்டுபவன் கையைப் பிடித்தது. அதே விதிகள் உணவை எவ்வேளையிலும் மலிவாகவோ இலவசமாகவோ அளிப்பதற்குத் தடை சொல்லவில்லை என்பதே இதில் விசேஷம்.

அதன் பலன் நகரின் பழக்கத்தில் தெரிகிறது. வெறுமையாகக் கிடக்கும் மாலை நேரத்தை நிரப்ப விரும்பிய விடுதிக்காரர்கள், மதுவின் விலையைக் குறைக்க இயலாமல், உணவின் விலையைக் குறைத்தார்கள். ஒரு டாலருக்கு ஒரு சிப்பி என்ற போஸ்டனின் பிரசித்தமான மாலை வழக்கம் இவ்விதம் ஓங்கியது. விலைவாசி ஏற்றத்தால் பல இடங்களில் அந்த ஒரு டாலர் இன்று கூடியிருப்பினும் வழக்கம் அழியவில்லை. ஆகவே இந்நகரில் நல்ல இடம் தேடுவோர் கேட்க வேண்டிய கேள்வி, 'மது எங்கே மலிவு?' என்பதன்று, 'மாலையில் எந்த வீட்டு அடுப்பு நம்மை அழைக்கிறது?' என்பதே. மாமிசம் உண்ணாதார் ஹானோவர் வீதியைச் சுற்றியுள்ள இத்தாலியர் பகுதியில் விசாரித்து உண்ணலாம். நதியைக் கடந்து கேம்பிரிட்ஜுக்குச் சென்றால் நம் தேசத்துச் சமையலும் கிடைக்கும்.

பழம்பெருமையை மட்டும் நம்பிப் பணத்தை அவிழ்க்க வேண்டாமென்று எச்சரிக்கிறோம். 1773-ஆம் வருஷம் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் எறிந்த தேசபக்தர்கள் கூடி ஆலோசித்த 'கிரீன் டிராகன்' விடுதி எப்போதோ இடிந்து மறைந்தது. இன்று அப்பெயர் தாங்கி நிற்பது பிற்காலத்தது. 1826 முதல் சிப்பி விற்றுவரும் 'யூனியன் ஆய்ஸ்டர் ஹவுஸ்' கட்டடமோ மெய்யாகவே பழமையானது. விடுதியாவதற்கு முன், 1771-இல், ஆங்கில ஆட்சியை எதிர்த்த பத்திரிகையொன்று அதன் மாடியில் அச்சாயிற்று. பெயர்ப்பலகை வேறு, பெருமை வேறு என்பதற்கு அடுத்தடுத்து நிற்கும் இவ்விரண்டுமே சாட்சி.

1855-இல் திறந்த 'பார்க்கர் ஹவுஸ்' விடுதியில், பிற்காலத்தில் கறுப்பு மக்களின் உரிமைக்காக முழங்கிய மால்கம் எக்ஸ் 1940-களில் எச்சில் தட்டு எடுக்கும் வேலை செய்தார். வியத்நாமின் ஹோ சி மின் அங்கே ரொட்டி சுட்டார் என்று விடுதியார் சொல்லிக்கொள்வதும் உண்டு. தட்டு எடுக்கும் கைகளை அலட்சியம் செய்யலாகாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

அக்கைகளின் கூலி வாடிக்கைக்காரரிடமே விடப்பட்டிருக்கிறது. 2023 முதல் அந்த ராஜ்யத்தில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15 டாலர். பரிமாறுவோருக்கு முதலாளி நேரே கொடுக்க வேண்டியதோ 6.75 டாலர்தான், மிச்சத்தை இனாம் பணம் நிரப்ப வேண்டும். முதலாளியே முழுக்கூலியும் கொடுக்க வேண்டுமென்ற யோசனையை 1924-இல் அன்று, 2024-இல்தான் வாக்காளர் நிராகரித்தனர். ஆகவே விலைப்பட்டியலில் 20 டாலர் என்று கண்டால், 7 சதவீத வரி 1.40 டாலரும், வழக்கமான 20 சதவீத இனாம் 4 டாலரும் சேர்த்து, 25.40 டாலர் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டே உட்கார வேண்டும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். எந்தக் கேளிக்கை விடுதியாயினும் நுழைந்தவுடன் வெளியேறும் வழிகளைப் பார்த்துக்கொள்வது நலம். 1942-ஆம் வருஷம் நவம்பர் 28-ந் தேதி, போஸ்டனில் 'கோகோநட் குரோவ்' என்னும் இராக்கேளிக்கை விடுதி தீப்பற்றியபோது, சுழற்கதவு நெரிசலில் சிக்கி நின்றது. வேறு கதவுகள் பூட்டிக் கிடந்தன. 492 பேர் மாண்டனர். கதவுகளைப் பற்றிய கண்டிப்பான விதிகள் அதன் பின்னரே வந்தன. கதவு விதியும் மது விதியும் பிணங்களைக் கண்ட பிறகே எழுதப்பட்டவை.

மது விதியைத் தளர்த்த வேண்டுமென்ற குரல் ஓயவில்லை. மாலை வியாபாரம் மந்தமென்பதும், இளைஞர் உற்சாகமற்று வேறு நகரம் நாடுகின்றனர் என்பதும் அவர்கள் வாதம். 2024-இல் ராஜ்யத்தின் செனெட் சபை தளர்த்த இசைந்தது. இறுதியாக நிறைவேறிய சட்டத்திலோ அது இடம் பெறவில்லை. அவ்வாதத்தை முற்றிலும் அற்பமென்று நாம் தள்ளவில்லை. ஏனெனில் 2011-ஆம் வருஷத்துச் சட்டம் சூதாட்ட மாளிகைகளில் ஆடுவோருக்கு மட்டும் மதுவை இலவசமாக வழங்க இடந்தந்திருக்கிறது. உழைத்துக் களைத்தவனுக்கு மறுத்ததைச் சூதாடுபவனுக்கு அளிப்பது எந்த நியாயம்? இந்த அநீதியை நீக்க வேண்டுமாயின், தூண்டுதலை எல்லோருக்கும் திறந்துவிடுவதைவிட, அந்த விலக்கை ரத்து செய்வதே நேர்வழியென்பது நமது அபிப்பிராயம்.

நண்பரோடு பேசி, வயிறார உண்டு, நிதானத்தோடு வீடு திரும்ப இடந்தருவதே நல்ல விடுதி. போஸ்டனில் அத்தகைய இடங்களுக்குக் குறைவில்லை. செல்லும் நம் வாலிபர்கள் அவற்றைத் தேடிக் கண்டு, பரிமாறியவரையும் மறவாமல் எழுந்து வருவார்களாக.