மஞ்சள் கருவை ஒதுக்கிவைப்பவர்களுக்கு

"டீ ஒண்ணு, சர்க்கரை வேண்டாம். ஆடை விழாம வடிகட்டிக் கொடுங்க." டீக்கடையில் இப்படிச் சொல்பவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் சோற்றை விட்டவராக இருப்பார். இட்லி, தோசை, சப்பாத்தி எதுவும் கிடையாது. காலையில் நாலு முட்டை, அதிலும் வெள்ளைக்கரு மட்டும். மதியம் தோல் உரித்த கோழி, எண்ணெய் காட்டாமல் வேகவைத்தது. ராத்திரிக்கு வெள்ளரிக்காய், ஆடை எடுத்த மோர். முதல் வாரம் எடை மளமளவென்று இறங்கியது. இப்போது கிறுகிறுப்பு, வீட்டில் எல்லோர் மேலும் எரிச்சல், பத்து மணிக்கு மேல் முறுக்கு டப்பா பக்கம் கை போகிறது. "எனக்கு மனஉறுதி பத்தலை சார்" என்று அவரே தன்மேல் பழியைப் போட்டுக்கொள்வார்.

பாவம், அவர் உறுதிக்கு ஒரு குறையும் இல்லை. கேஸை மூடிவிட்டு விறகையும் தூக்கிப் போட்டுவிட்டால் உலை எப்படிக் கொதிக்கும்?

கொஞ்சம் கணக்குப் போடலாம். ஒருவர் நாளுக்கு 300 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டுவந்தார் என்று வையுங்கள். மூன்று வேளையும் அரிசி புழங்கும் வீட்டில் இது பெரிய அளவே இல்லை. கிராமுக்கு 4 கலோரி வீதம் 1,200 கலோரி. அதை 50 கிராமுக்கு இறக்கினால் மிஞ்சுவது 200. ஆக 1,000 கலோரி தட்டிலிருந்து போய்விட்டது. அந்த இடத்தைப் புரதத்தால் மட்டும் நிரப்பப் பார்த்தால், அதுவும் கிராமுக்கு 4 கலோரிதான் என்பதால், 250 கிராம் புரதம் கூடுதலாக வேண்டும். வெள்ளைக்கருவாகவே சாப்பிடுவதென்றால் ஏறக்குறைய 70 முட்டை. கோழிப்பண்ணை வைத்திருப்பவருக்கே கட்டுப்படியாகாது.

கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி. 110 கிராமில் கணக்கு நேராகிவிடும். அதைக் கேட்டதும் பயப்பட வேண்டாம், அவ்வளவும் தட்டில் வர வேண்டியதில்லை. எடை குறைக்க வந்தவருடைய இடுப்பிலேயே கொழுப்பு இருக்கிறது. மாவுச்சத்து குறையும்போது இன்சுலினும் குறையும். சேமிப்பிலிருந்து கொழுப்பு வெளியே வரும் வழி திறக்கும். அதில் 400, 500 கலோரியை உடம்பு தானே எடுத்துக்கொள்ளும். மீதியைத்தான் சாப்பாடு தர வேண்டும், சுமார் 55, 60 கிராம். சேமிப்பு கரையும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதை மறந்து இரண்டு எரிபொருளையும் ஒரே நாளில் நிறுத்தினால், அது லோ-கார்ப் என்ற பெயரில் நடக்கும் பட்டினி. கிறுகிறுப்பும் எரிச்சலும் உடனே வரும். முடி கொட்டுவது இரண்டு மூன்று மாதம் கழித்து வரும் என்பதால் பழி ஷாம்பூ மேல் விழும்.

மாவும் இல்லாமல் கொழுப்பும் இல்லாமல் மனிதன் எத்தனை நாள் தாங்குவான் என்பதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. வில்யால்மர் ஸ்டெஃபான்சன் என்று ஓர் ஆர்க்டிக் பயணி. வட துருவப் பகுதியில் இனுயிட் மக்களோடு வருடக்கணக்கில் வாழ்ந்து, மீனும் இறைச்சியுமே சாப்பிட்டு நன்றாக இருந்தேன் என்று எழுதினார். நியூயார்க் மருத்துவர்கள் நம்பவில்லை. 1928-ல் அவரும் அவருடைய பயணத் தோழர் கார்ஸ்டன் ஆண்டர்சனும் பெல்வியூ மருத்துவமனையின் கண்காணிப்பில் ஒரு வருடம் வெறும் இறைச்சி உண்ண ஒப்புக்கொண்டார்கள். தொடக்கத்தில் ஸ்டெஃபான்சனுக்கு மட்டும், கொழுப்பை வெட்டியெடுத்த கறியையே கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு மூன்று நாளில் குமட்டல், வயிற்றுப்போக்கு, என்னவென்று சொல்லத் தெரியாத ஒரு சுணக்கம். பிறகு கொழுப்போடு சேர்ந்த கறியும், பன்றிக் கொழுப்பில் வறுத்த மூளையும் கொடுத்தார்கள். ஓரிரு நாளில் ஆள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அதன்பின் வருடம் முழுவதும் அவருடைய கலோரியில் முக்கால் பங்குக்கு மேல் கொழுப்பிலிருந்தே வந்தது.

அவருக்கு இது புதிதல்ல. வடக்குக் காடுகளில் குளிர்காலத்தில் முயலை மட்டுமே பிடித்துத் தின்று நலிந்துபோகிறவர்களைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருந்தார். முயல் கறியில் கொழுப்பு மிகக் குறைவு. வயிறு முட்டத் தின்றாலும் பசி அடங்காது. புரதத்தில் வரும் நைட்ரஜனை யூரியாவாக மாற்றி வெளியேற்றும் வேலை கல்லீரலுடையது, அந்த வேலைக்கு ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டிப் புரதத்தைத் திணித்தால் உடம்பே வேண்டாம் என்று சொல்லிவிடும். நம் டீக்கடை நண்பரின் நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஆனால் அவர் நிற்பது அதே பாதையில்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தச் சோதனைக்குப் பணம் கொடுத்தது அமெரிக்க இறைச்சி வணிகர்களின் சங்கம். சோதனைக்கு உட்பட்டவர்கள் இரண்டே பேர். கொழுப்பு இதயத்துக்கு நல்லது என்று அதிலிருந்து யாராவது நிரூபிக்கப் பார்த்தால் சிரித்துவிட்டுப் போகலாம். மாவை எடுத்த தட்டில் கொழுப்பு இருந்தே தீர வேண்டும் என்பதைக் காட்ட மட்டும் அது போதும்.

சரி, கொழுப்பைக் கண்டு இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? 1955 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தது. நாடே இதயத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. உணவிலுள்ள கொழுப்புக்கும் மாரடைப்புக்கும் முடிச்சுப் போட்டு ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்த மினசோட்டா ஆய்வாளர் ஆன்சல் கீஸ் பக்கம் வெளிச்சம் விழுந்தது. 1961 ஜனவரியில் டைம் பத்திரிகை அவர் படத்தை அட்டையில் போட்டது. அதே வருடம் அமெரிக்க இதயச் சங்கம் நெய், வெண்ணெய் வகை நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்துத் தாவர எண்ணெய்க்கு மாறச் சொன்னது. 1980-ல் அது அரசின் உணவு வழிகாட்டியாகவே வந்தது. இங்கே அது மருத்துவர் சீட்டிலும், இதயப் படம் போட்ட ரீஃபைண்ட் எண்ணெய் விளம்பரத்திலும் வந்து சேர்ந்தது. வருகிற வழியில் "இந்த வகைக் கொழுப்பைக் குறை" என்பது "எல்லாக் கொழுப்பும் கெடுதல்" என்று சுருங்கிப்போனது.

லோ-கார்ப் ஆதரவாளர்கள் பலருக்கு கீஸ் என்றால் வில்லன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருடைய ஏழு நாடுகள் ஆய்வில் மாரடைப்பு மிகக் குறைவாக இருந்த இடங்களில் ஒன்று கிரீஸ் நாட்டின் கிரீட் தீவு. அங்கே மக்கள் கலோரியில் 40 சதவீதம் கொழுப்பிலிருந்து பெற்றார்கள், பெரும்பகுதி ஆலிவ் எண்ணெய். கொழுப்புக்கு எதிரி என்று பெயர் வாங்கிய மனிதரின் ஏட்டிலேயே தாராளமாக எண்ணெய் ஊற்றிச் சாப்பிட்டு நன்றாக இருந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆலிவ் எண்ணெய்க்கு நாம் அலைய வேண்டியதில்லை. நல்லெண்ணெயில் ஏறக்குறைய 85 சதவீதம் நிறைவுறாக் கொழுப்பு. கடலை எண்ணெயும் அதற்குப் பக்கத்தில்தான். மத்தி, அயிலை போன்ற மீன்களின் கொழுப்பை எந்த இதய மருத்துவரும் குறை சொல்ல மாட்டார். நெய்யில் நிறைவுற்ற கொழுப்பு 60 சதவீதத்துக்கு மேல். தேங்காய் எண்ணெயில் 90 சதவீதத்தை நெருங்கும். இந்த இரண்டுக்கும் வீட்டில் இடம் உண்டு, ஆனால் அவையே முழு எரிபொருளும் ஆகிவிடக் கூடாது.

முட்டையின் மஞ்சள் கருவைப் பற்றி ஒரு வார்த்தை. ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைக் கல்லீரலே தயாரிக்கிறது. சாப்பாட்டில் கூடுதலாக வந்தால் பெரும்பாலானவர்களுக்குத் தயாரிப்பைக் குறைத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் என்று பல வருடங்களாக இருந்த உச்சவரம்பை அமெரிக்க வழிகாட்டியே 2015-20 பதிப்பில் எடுத்துவிட்டது. மஞ்சள் கருவைக் கொட்டுபவர், முட்டைப் புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்கையும், ஏ, டி வைட்டமின்களையும் சேர்த்துக் கொட்டுகிறார். ரத்தத்திலுள்ள கொழுப்பான ட்ரைகிளிசரைடு 300 என்று ரிப்போர்ட் வந்தவருக்கு மஞ்சள் கருவை நிறுத்தச் சொல்வதும் பல இடங்களில் நடக்கிறது. ட்ரைகிளிசரைடை ஏற்றுவதில் பெரிய பங்கு அதிகப்படி மாவு, சர்க்கரை, மதுவுக்கு உண்டு. சோற்றைக் குறைத்தவருக்கு முதலில் இறங்குவதும் அந்த எண்தான்.

"கொழுப்பு தின்னா தொப்பை போடாதா?" என்று கேட்பார்கள். தேவைக்கு மேல் எதைத் தின்றாலும் போடும். ஆனால் நாம் வழக்கமாகக் கொழுப்பைச் சந்திக்கும் இடங்களைப் பாருங்கள்: பஜ்ஜி, பரோட்டா, பிரியாணி, நெய் மிதக்கும் பொங்கல், மைசூர்பாகு. எல்லாம் மாவும் கொழுப்பும் கைகோத்து வரும் பண்டங்கள். அந்தச் சேர்க்கை நாக்கை நிறுத்தவிடாது. வெறும் வெண்ணெயை எடுத்து வையுங்கள், மூன்றாவது கரண்டியில் திகட்டிவிடும். உண்மையாகவே பயப்பட வேண்டிய கொழுப்பும் உண்டு: வனஸ்பதி வகையறாவிலிருந்த டிரான்ஸ் கொழுப்பு. எண்ணெய், கொழுப்புகளில் அதை 2 சதவீதத்துக்குள் வைக்க வேண்டும் என்ற விதி 2022-ல் இங்கே நடைமுறைக்கு வந்தது. வடைச்சட்டியில் நாள் கணக்கில் கறுத்துக் கொதிக்கும் எண்ணெயும் வேண்டாம்.

எப்படி ஆரம்பிப்பது? கொட்டிய மஞ்சள் கருவை முதலில் திரும்பக் கொண்டுவாருங்கள். மூன்று முட்டை ஆம்லெட், ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில்: 28 கிராம் கொழுப்பு வந்தாயிற்று. மதியம் மத்திக் குழம்பு, தேங்காய்ப்பூ போட்ட கீரைப் பொரியல், ஆடையோடு தயிர். சைவர்களுக்கு, தமிழில் 'பேலியோ' என்ற பெயரில் பரவிய உணவுமுறை ஒரு வழி காட்டியிருக்கிறது: காலைக்கு நூறு பாதாம். நியாண்டர் செல்வனின் 'பேலியோ டயட்' புத்தகம் வந்த காலத்தில், தமிழ்நாட்டு மளிகைக் கடைகளில் பாதாமைக் கிலோக் கணக்கில் கேட்டவர்கள் நிறையப் பேர். நூறு பாதாமில் சுமார் 60 கிராம் கொழுப்பு, பெரும்பகுதி ஆலிவ் எண்ணெயிலுள்ள அதே வகை. கலோரி 700-ஐத் தொடும். ஆகவே அது ஒரு முழு வேளைச் சாப்பாடு. டிவி முன்னால் கொறிப்பதற்கு அல்ல.

பல வருடம் எண்ணெய் காணாத வயிறு ஒரே நாளில் ஏற்காது, பேதியாகும். பித்தநீர்ச் சுரப்பு பழக வேண்டும், ஓரிரு வாரத்தில் ஏற்றுங்கள். பித்தப்பை எடுத்தவர்கள் இன்னும் மெதுவாக, வேளைக்குக் கொஞ்சமாகப் பிரித்து. கொழுப்பே இல்லாமல் வேகமாக இளைப்பவர்களுக்குப் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்; கொழுப்பு வந்தால்தான் பித்தப்பை சுருங்கித் தன்னைக் காலி செய்துகொள்ளும். முதல் வாரத் தலைவலிக்கும் கால் குரக்குவலிக்கும் பெரும்பாலும் காரணம் உப்பு: இன்சுலின் இறங்கும்போது சிறுநீரகம் சோடியத்தை வெளியே தள்ளும். உயர் ரத்த அழுத்தம் இல்லாதவர் மோரில் உப்புப் போட்டுக் குடித்தால் சரியாகும்.

சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மருந்து எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுப்பவருக்கு, சோறு குறைந்த அன்றே சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை சரியாகத் தெரியும்போதே ரத்தம் அமிலமாகும் அபாயம் உண்டு. பிரஷர் மாத்திரையின் அளவையும் மாற்ற வேண்டிவரும்.

அடுத்த கோடியில் இருப்பவர்களையும் பார்க்கிறேன். பயம் தெளிந்த உற்சாகத்தில் டீயில் வெண்ணெய்க் கட்டியைப் போட்டு, மேலே ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயும் விட்டுக் குடிப்பவர்கள். இடுப்பிலிருந்து எடுக்க வேண்டியதை டம்ளரிலிருந்து எடுத்தால் எடை நின்றுவிடும், பிறகு முறையைத் திட்டுவார்கள்.

சந்தேகம் தீர ஒரே வழி ரத்தப் பரிசோதனை. ஆரம்பிக்கும் முன் வெறும் வயிற்றில் ஒரு லிப்பிட் புரொஃபைல். மூன்று நாலு மாதம் கழித்து, எடை வேகமாக இறங்கிக்கொண்டிருக்காத சமயத்தில் இன்னொன்று. பெரும்பாலானவர்களுக்கு ட்ரைகிளிசரைடு இறங்கியிருக்கும், நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல் கொஞ்சம் ஏறியிருக்கும். சிலருக்கு, அதிலும் ஒல்லியானவர்களுக்கு, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் எக்கச்சக்கமாக ஏறும். "அது நல்ல எல்டிஎல், கண்டுகொள்ளாதே" என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்பாதீர்கள். எல்டிஎல் கூடினால் மாரடைப்பு அபாயம் கூடும் என்பதற்குச் சான்று வலுவாக இருக்கிறது. நெய்யையும் வெண்ணெயையும் தேங்காய் எண்ணெயையும் பாதிக்கு மேல் குறைத்து, அந்த இடத்தில் நல்லெண்ணெய், கடலை, பாதாம், மீன் என்று மாற்றி, மறுபடி பாருங்கள். நிறையப் பேருக்கு அதிலேயே இறங்கும். இறங்காவிட்டால், குடும்பத்தில் ஐம்பது வயதுக்குள் மாரடைப்பு வந்தவர்கள் இருந்தால் இன்னும் சீக்கிரமாக, மருத்துவரிடம் போக வேண்டியதுதான். அவர் ஸ்டாடின் மாத்திரை எழுதினால் சாப்பிடுங்கள். அதைச் சாப்பிட்டுக்கொண்டே சோற்றைக் குறைத்துவைக்கலாம், மஞ்சள் கருவும் தட்டில் இருக்கலாம். எத்தனை என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.